விருந்தாளிக் கப்பலும் பிலிம் சுருளும்: ஒரு வழக்கம் பிறந்த கதை

அயல்நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாக ஊர்த் துறைமுகத்துக்கு வருகிறது என்ற செய்தி வந்தால் போதும், உலகின் பல கடலோர ஊர்களில் சிலர் கேமராவை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே கரைக்குப் போய்விடுவார்கள். கப்பல் எந்த வகையைச் சேர்ந்தது, எந்த ஆண்டில் கட்டியது, போன முறை வந்தபோது கொடிமரத்தில் இல்லாத எந்தக் கருவி இப்போது இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. யாரும் சம்பளம் கொடுத்து அனுப்பியவர்கள் இல்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் கடற்படை வரலாற்றில் பெரும்பகுதியை நமக்குக் கண்ணால் காட்டுபவர்கள் இவர்கள்தான்.

இந்த வழக்கம் பிறக்க மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. தன் பலத்தைக் காட்டிக்கொள்ள விரும்பும் கடற்படை, சாதாரண மனிதர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கேமரா, வேடிக்கை பார்க்க ஒரு ஊர். முதலாவதும் மூன்றாவதும் நெடுங்காலமாக இருந்தவை. நடுவில் உள்ளது வந்து சேரத்தான் தாமதமாயிற்று.

கண்ணாடித் தகட்டின் காலம்

1858 ஆகஸ்டில் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க இங்கிலாந்தின் விக்டோரியா அரசி கப்பலில் வந்தார். அந்த விழாவுக்காக அணிவகுத்து நின்ற கடற்படையைக் குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் படமெடுத்தார். கடற்படைக் கொண்டாட்டத்தைப் பதிவு செய்த முன்னோடிப் படங்களில் அவையும் அடங்கும். அடுத்து 1863. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே ரஷ்யக் கடற்படை நியூயார்க்குக்கு விருந்தாளியாக வந்தது. அதைச் சேர்ந்த ‘ஓஸ்லியாபியா’ என்ற போர்க்கப்பல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் நிற்கும் படம் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

இவை இரண்டும் தொழில்முறைக் கலைஞர்கள் செய்த வேலை. வேறு யாராலும் செய்திருக்கவும் முடியாது. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரத் தகட்டு முறைதான் அன்று நடப்பில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காயும் முன் படமெடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியும் முடிக்க வேண்டும். மொத்தமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும். படம் எடுக்கப் போகிறவர் இருட்டறையையும் கூடவே கொண்டு போக வேண்டும் என்பதே இதன் பொருள்.

வேகமும் போதாது. பத்து நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு விநாடியில் சுமார் ஐந்து மீட்டர் நகரும். லென்ஸை ஐந்து விநாடி திறந்து வைத்தால் கப்பல் 25 மீட்டர் போய்விடும். படத்தில் மிஞ்சுவது ஒரு மங்கிய தீற்றல். அதனால்தான் அக்காலத்துப் படங்களில் பெரும்பாலான கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி அசையாமல் நிற்கின்றன. துறைமுக வாயிலுக்குள் அலையைக் கிழித்துக்கொண்டு நுழையும் கப்பலை ஈரத் தகட்டில் பிடிப்பது குதிரைக்கொம்பு.

பருத்தியிலிருந்து பிலிம்

1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து உலர் தகடு செய்யும் வழியைச் சொன்னார். தகட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், படமெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிதானமாகக் கழுவலாம் என்றாயிற்று. ஆனால் கண்ணாடி கண்ணாடிதான். கனம், உடையும், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

கண்ணாடியை விட்டு வளையும் பொருளுக்கு மாறியதுதான் திருப்புமுனை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார், நைட்ரோசெல்லுலோஸில் ஒளிபுகும் பிலிம் செய்யும் முறைக்கு 1887-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது அவர் கைக்கு வந்தது 1898-இல். இதற்கிடையில் ரோசெஸ்டர் நகரத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்கத் தொடங்கிவிட்டார். உள்ளே நூறு படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், பத்து டாலருக்குப் படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். முதலில் காகிதத்தில் பூசி வந்த சுருள், அடுத்த ஆண்டே செல்லுலாய்டுக்கு மாறியது.

வெட்டவெளியில் சுருள் மாற்ற வழி காட்டியவர் பாஸ்டனின் சாமுவேல் டர்னர். 1892-இல் அவர் செய்த கேமராவில் பிலிமுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம், அதன்மேல் எண்கள், கேமராவின் முதுகில் ஒரு சின்னச் சிவப்பு ஜன்னல். சாவியைத் திருகிக்கொண்டே போனால் ஜன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும். ஈஸ்ட்மன் 1895-இல் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டார். 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமரா வந்தது. அட்டைப் பெட்டி, ஒரு எளிய லென்ஸ், ஒரே ஒரு ஷட்டர். மறு ஆண்டு வந்த இரண்டாம் எண் பிரௌனிக்காகச் செய்த சுருளுக்குத்தான் 120 என்று பெயர்.

இப்போது முந்தைய கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். பெட்டிக் கேமராவின் ஷட்டர் விநாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். அதற்குள் நம் கப்பல் நகர்வது பத்து சென்டிமீட்டர். 139 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல் நெகட்டிவில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பதிந்தால், அந்தப் பத்து சென்டிமீட்டர் அங்கே தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஒரு டாலர் கேமரா, ஓடும் போர்க்கப்பலை நிறுத்திப் பிடித்துவிட்டது. கை நடுங்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு உறவும் உண்டு. பருத்தியை அமிலங்களில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான் பிலிமுக்கு அடிப்படை. நைட்ரஜன் அளவு சற்றுக் கூடினால் அதுவே பீரங்கிக்குப் போடும் புகையில்லா வெடிமருந்து. கரையில் நின்றவர் கேமராவுக்குள் இருந்ததும், எதிரே வந்த கப்பலின் மருந்தறையில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே பொருள். இரண்டுமே வைத்திருந்தால் தானாகச் சிதையும். 1907 மார்ச்சில் தூலோன் துறைமுகத்தில் ‘இயேனா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குச் சிதைந்துபோன வெடிமருந்தே காரணம் என்றார்கள்.

1908: பதினாறு கப்பல்கள், ஒரு நகரம்

தொடக்கத்தில் சொன்ன மூன்றும் கூடிய நாளைச் சுட்டச் சொன்னால், நான் 1908 ஆகஸ்ட் 20-ஐச் சுட்டுவேன். இடம் சிட்னி.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907 டிசம்பரில் பதினாறு போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பியிருந்தார். உடல் முழுக்க வெள்ளை, மேற்கட்டும் புகைபோக்கியும் மங்கிய மஞ்சள், முகப்பில் பொன்முலாம் பூசிய சித்திர வேலை. பிற்காலத்தில் ‘மாபெரும் வெள்ளைக் கப்பற்படை’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. போருக்குப் போகும் கோலம் அல்ல அது. நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே பூசிய வண்ணம். ஜப்பான் 1905-இல் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த பிறகு பசிபிக் கடலில் தன் பலம் என்ன என்று காட்ட அமெரிக்கா விரும்பியது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்ஃபிரட் டீக்கினும் அதைத்தான் விரும்பினார். லண்டனின் சம்மதத்துக்குக் காத்திராமல் அவர் அழைப்பு அனுப்பினார். தங்களுக்கென்று ஒரு கடற்படை வேண்டும் என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்ற அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை.

கப்பல்கள் முதலில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தன, அடுத்து சிட்னி. அன்று காலை துறைமுகத்தைச் சுற்றிய குன்றுகளிலும் பாறைகளிலும் திரண்டவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்பது அக்காலக் கணக்கு. தளபதி சார்லஸ் ஸ்பெரியின் ‘கனெக்டிகட்’ முன்னால் வர, மற்றவை வரிசை பிசகாமல் பின்தொடர்ந்தன. அந்தக் கூட்டத்தில் பத்திரிகைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் மட்டும் இல்லை. பிரௌனிப் பெட்டிகளும் மடக்குக் கேமராக்களும் ஏராளம். ஒரு சுருளில் சில படங்களே தேறும், கப்பல்களோ பதினாறு. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால், மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் காட்சி இடவலமாக மாறித் தெரியும். கடலில் இடமிருந்து வலமாகப் போகும் கப்பல் கண்ணாடியில் வலமிருந்து இடமாகப் போகும். அதைக் கேமராவால் தொடர, கை எதிர்ப்பக்கம் போகப் பழக வேண்டும். மூச்சைப் பிடித்து நெம்புகோலைத் தள்ளினால் ஒரு ‘டிக்’. பிறகு சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை சாவியைத் திருக வேண்டும். அதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும்.

அஞ்சலட்டைகள் இந்த மோகத்தை வீடுவீடாகக் கொண்டுபோயின. கோடக் 1903-இல் விற்பனைக்கு விட்ட 3ஏ மடக்குக் கேமராவின் நெகட்டிவ் அஞ்சலட்டை அளவே இருந்தது. பெரிதாக்கத் தேவையில்லை, நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்டினாலே அட்டை தயார். பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, தபால்தலை ஒட்டி, தொலைதூர உறவினருக்கு அனுப்பினார்கள். ‘நானும் பார்த்தேன்’ என்பதற்கு அது சாட்சி. அதே 1908-இல் மெல்போர்னின் பேக்கர் அண்ட் ரௌஸ் நிறுவனமும் ஈஸ்ட்மனும் இணைந்து ஆஸ்திரேலியக் கோடக் நிறுவனம் உருவாயிற்று என்பது அந்த நாட்டில் பிலிம் எவ்வளவு வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது என்பதற்கு அடையாளம். கப்பல்கள் மெல்போர்ன், ஆல்பனி வழியாகப் போய் அக்டோபரில் யோகோஹாமாவை அடைந்தன. எல்லா ஊரிலும் இதே காட்சி.

டீக்கின் நினைத்ததும் நடந்தது. 1913 அக்டோபர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் சொந்தக் கடற்படை, அதே சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

வெள்ளைக் கப்பல், வெள்ளை வானம்

1908-இன் அந்தப் படங்களை இன்று உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். புகைபோக்கிகள் கறுத்துத் தெரிகின்றன. ஆனால் உண்மையில் அவை மங்கிய மஞ்சள். வானம் வெறும் வெள்ளை. அக்காலப் பிலிம் நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது, மஞ்சளும் அரைகுறைதான். அதனால் நீல வானம் வெளுத்துப்போகும், மஞ்சள் கறுக்கும். வெள்ளைக் கப்பல் வெள்ளை வானத்தோடு கலந்து, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்.

இதற்குப் படமெடுத்தவர்கள் கண்ட வழிகள் இன்றுவரை நிற்கின்றன. மஞ்சள் வடிகட்டியை லென்ஸில் மாட்டினால் வானத்தின் நீலம் சற்றுக் கட்டுப்படும். கப்பலுக்குப் பின்னால் வானம் வராமல் மரமடர்ந்த குன்று வரும்படி நிற்பது இன்னொரு வழி. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, காலை வெயில் கப்பலின் பக்கவாட்டில் சாய்வாக விழும் நேரத்தைப் பிடிப்பது மூன்றாவது. அமெரிக்கக் கப்பல்கள் 1909 பிப்ரவரியில் ஊர் திரும்பியதும் வெள்ளையைக் களைந்து சாம்பல் நிறத்துக்கு மாறின. படமெடுப்பவருக்கு ஒரு சிக்கல் தீர்ந்து, மேகமூட்ட நாளில் சாம்பலும் சாம்பலும் கலக்கும் வேறொரு சிக்கல் வந்தது.

பக்கவாட்டுப் படத்தின் மதிப்பு

கப்பலின் முழுநீளமும் தெரியும் பக்கவாட்டுப் படம் இந்தத் துறையில் இலக்கணம்போல் ஆனதற்கு ஆங்கிலேயர் பிரெட் ஜேன் ஒரு முக்கியக் காரணம். சிறுவயதிலிருந்தே கவசக் கப்பல்களை வரைந்து தள்ளிய அவர், 1898-இல் உலகப் போர்க்கப்பல்களின் கையேடு ஒன்றை வெளியிட்டார். முதல் பதிப்பில் எல்லாம் அவர் கையால் வரைந்த படங்கள். புகைபோக்கி எத்தனை, கொடிமரம் எத்தனை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்த்துத் தொலைவிலேயே கப்பலை அடையாளம் காண வேண்டும் என்பது அவர் நோக்கம். பின்னர் வரைபடங்களின் இடத்தை ஒளிப்படங்கள் பிடித்தன. ஆண்டுதோறும் புதுப்பிக்க ஏராளமான படங்கள் தேவைப்பட்டன. கரையோர ஆர்வலர்கள் அவற்றைக் கொடுத்தார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது மாலுமிகளுக்கும் அரசுகளுக்கும் பயன்படும் ஆவணமாயிற்று.

அதன் அருமை 1937 மே 20 அன்று விளங்கியது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் நடந்த கப்பல் அணிவகுப்புக்கு ஜெர்மனியின் ‘அட்மிரல் கிராஃப் ஷ்பே’, ஜப்பானின் ‘அஷிகாரா’, சோவியத்தின் ‘மராத்’, பிரான்சின் ‘டன்கெர்க்’, அமெரிக்காவின் ‘நியூயார்க்’ எல்லாம் விருந்தாளிகளாக வந்து நங்கூரமிட்டன. மூன்று ஆண்டுக்குள் கிராஃப் ஷ்பே பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதி, 1939 டிசம்பர் 17 அன்று மொண்டிவிடியோவுக்கு வெளியே தன் ஆட்களாலேயே தகர்க்கப்பட்டது. நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அதன் கோபுரத்தில் இருந்த விசித்திரமான ஒரு கம்பிச்சட்டம் நிபுணர்களின் கவனத்தை ஈர்த்தது. பிரிட்டிஷ் நிபுணர் ஒருவர் அங்கே போய் ஏறிப் பார்த்து, அது ரேடார் என்று அறிக்கை அனுப்பினார். கொடிமரத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாகப் பிடிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை. அஷிகாரா 1945 ஜூனில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கியது. அந்தக் கப்பல்கள் பக்கத்துப் பக்கத்தில் அமைதியாக நின்ற ஒரு நாள் இருந்தது என்பதற்குப் பிலிமே சாட்சி.

பனிப்போரும் பாஸ்பரஸும்

போர்க்காலங்களில் பிரிட்டன் முதலிய நாடுகள் துறைமுகப் படங்களுக்குத் தடை போட்டன. சமாதானம் வந்ததும் கேமராக்கள் திரும்பி வந்தன, இம்முறை உருவம் மாறி. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, சினிமாச் சுருளையே பயன்படுத்தியது. ஒரு ரோலில் 36 படங்கள், பின்னர் வந்த மாடல்களில் மாற்றிக்கொள்ளும் லென்ஸ்கள். 1953 ஜூனில் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு அணிவகுப்புக்கு சோவியத்தின் புதிய ‘ஸ்வெர்த்லோவ்’ ஸ்பிட்ஹெட்டுக்கு வந்தபோது, மேற்குலகம் அதை முதன்முறையாக நெருங்கிப் பார்த்தது. 1956-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவை ஏற்றிக்கொண்டு அதே வகைக் கப்பலான ‘ஓர்ஜோனிகிட்ஸே’ போர்ட்ஸ்மத்துக்கு வந்தது. நீருக்கடியில் அதை வேவு பார்க்கப் போன பிரிட்டிஷ் முக்குளிப்பாளர் லயனல் கிராப் உயிரோடு திரும்பவில்லை. நீருக்கு மேலே தெரிந்ததைக் கரையில் நின்ற எவரும் சில ஷில்லிங் செலவில் பதிவு செய்திருக்கலாம்.

இஸ்தான்புல் இந்தக் கலைக்குத் தனி இடம் தந்தது. 1936-இல் கையெழுத்தான மோன்ட்ரோ உடன்படிக்கைப்படி, துருக்கியின் நீரிணைகளைக் கடக்கும் போர்க்கப்பல் பற்றி முன்னறிவிப்புத் தர வேண்டும். கருங்கடல் நாடுகளின் நீர்மூழ்கிகள் பகலில், நீர்மட்டத்துக்கு மேலே, தனித்தனியாகத்தான் போக வேண்டும். அவற்றில் ஒன்றான பாஸ்பரஸ் குறுகும் இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர். ஒளிந்து திரிவதற்கென்றே கட்டிய கப்பல், பட்டப்பகலில் தேநீர்க் கடைகளுக்கு முன்னால் உடம்பைக் காட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1976 ஜூலையில் சோவியத்தின் ‘கீவ்’ அந்த வழியே வந்தபோது, அது விமானந்தாங்கியா, சோவியத் சொன்னதுபோல் குரூசரா என்று அரசுகள் வாதிட்டன. மேல்தளம் எப்படி இருந்தது என்பதைக் கரையிலிருந்து எடுத்த படங்களே காட்டின.

நம் கைக்கு வந்த வேலை

2007 ஜூலையில் அமெரிக்க விமானந்தாங்கி ‘நிமிட்ஸ்’ அரசியல் கட்சிகளின் எதிர்ப்புக்கு நடுவே சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டது. அதற்குள் பிலிம் காலம் முடிந்துகொண்டிருந்தது. கோடாக்குரோம் வண்ணப் பிலிம் 2009-இல் நின்றது. ஆனால் 1901-இல் பிறந்த 120 சுருள் இன்றும் கடையில் கிடைக்கிறது. பாட்டன் காலத்துப் பெட்டிக் கேமரா நல்ல நிலையில் இருந்தால் அதில் இன்றும் போட்டுப் படம் எடுக்கலாம். எடுக்க நினைப்பவர்கள் பொதுக் கடற்கரையிலிருந்து எடுங்கள். நம் நாட்டில் 1923-இன் அலுவல்முறை ரகசியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. துறைமுக வளாகத்துக்குள் அனுமதியின்றிக் கேமராவைத் தூக்கக் கூடாது.

எடுப்பதைவிட அவசரமானது காப்பது. 1950 வாக்குவரை வந்த பிலிம்களில் நைட்ரேட் அதிகம். அது பழுப்பேறி, பிசுபிசுத்து, பொடியாகிப் போகும், எளிதில் தீப்பிடிக்கும். பிறகு வந்த அசிட்டேட் பிலிம் கெடும்போது வினிகர் வாடை வீசும். துறைமுகத்தில், ரயில்வேயில், கப்பலில் வேலை பார்த்தவர்கள் உள்ள வீடுகளில் இத்தகைய நெகட்டிவ்கள் பீரோவுக்கடியில் கிடப்பது உண்டு. அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றுங்கள். வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். கெட ஆரம்பித்ததை நல்லவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். முடிந்தால் சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறையின்மேல் பென்சிலால் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: கப்பலின் பெயர், இடம், தேதி. எடுத்தவர் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத கப்பலின் படம் வெறும் அழகு. பெயரும் தேதியும் உள்ள படம் வரலாறு.